முப்பரிமாண உருவமைப்பு மென்பொருள்களின் வரலாறும் கொழும்பு மாணவரின் தெரிவும்

கலை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் படைத்தவனையும் படைப்பையுமே பேசுவர். உளியைப் பற்றி எழுதுவோர் சிலர்; அவ்வுளி எவருடைய உடைமை, அதன் விலை யாது, அது செதுக்கிய உருவத்தைப் பிறிதோர் உளிகொண்டு திருத்த இயலுமா என்று வினவுவோர் அதனினுஞ் சிலர். கணினியில் முப்பரிமாண உருவங்களை அமைத்து, பார்ப்பவர் தம் விரலால் திருப்பவும் இயக்கவும் கூடியவாறு இணைய உலாவியில் வெளியிடுங் கலையைப் பொறுத்தவரை இவ்வினாக்களே முதன்மை பெறுகின்றன. இக்கலை தோன்றி முப்பது ஆண்டுகளை ஒட்டியே ஆகின்றது. அதற்குள், இதன் முதலிரு தலைமுறைகளின் படைப்புகளிற் பெரும்பகுதி இன்றைய உலாவி எதிலும் திறவாத கோப்புகளாகிவிட்டது. படைத்தோரின் கைத்திறன் குறைந்தமை இதற்குக் காரணமன்று. அவர்கள் தெரிந்தெடுத்த கருவியும், அக்கருவி வெளியிட்ட கோப்பின் அமைப்புமே காரணமாயின. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு சிறிய அறையில் ஒரு கணினியுடன் இத்துறையில் இறங்கும் தமிழ் மாணவனின் முன்னுள்ள தெரிவை இவ்வரலாற்றின் துணைகொண்டு நோக்குதல் பயனுடையதாகும்.

முதலில், உருவமைத்தல் என்பது யாது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கிக்கொள்ளலாம். கொட்டாஞ்சேனையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிக் கட்டுவித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் தூண் ஒன்றைக் கணினியில் அமைக்க வேண்டுமெனக் கொள்வோம். உலாவியின் வழியாக உருவத்தை வரையும் வரைகலைச் செயலி அறிந்த பரப்பு ஒன்றேயொன்று; அது முக்கோணம். வட்டமான தூணையும் அது பல பட்டைகளாகவே காணும். பதினாறு பட்டை கொண்ட தூணின் உடற்பகுதிக்கு 32 முக்கோணங்கள் போதும். அறுபத்துநான்கு பட்டையாக்கினால் 128 வேண்டும். வெறுந் தூணுக்கு இது பொருட்டன்று. ஆனால் தூணின் போதிகையிலும் சதுரங்களிலும் உள்ள சிற்ப வேலையை உள்ளவாறே அமைக்கப் புகின், எண்ணிக்கை இலட்சக் கணக்கிற் செல்லும். அவ்வளவையும் ஒரு கைத்தொலைபேசி இறக்கிக்கொண்டு இயக்குதல் அரிது. எனவே, நுணுக்கமான ஓர் உருவத்தை முதலில் அமைத்து, அதன் மேடு பள்ளங்களை ஒரு படமாகப் பதித்தெடுத்து, அப்படத்தை முக்கோணங் குறைந்த எளிய உருவத்தின்மீது போர்த்துவர். ஒளி படும்போது எளிய உருவம் செதுக்கிய கல்லைப் போலவே தோன்றும். திரைப்படத்துக்கு உருவமைப்பவனுக்கு இச்சிக்கனம் இத்துணை வேண்டுவதில்லை. அவன் ஒரு சட்டகத்தைத் தீட்டக் கணினியைப் பல மணிநேரம் ஓடவிடலாம். இணையத்துக்கு உருவமைப்பவனுக்கோ ஒரு நொடிக்குள் அறுபது சட்டகங்கள் வேண்டும், அதுவும் பிறருடைய கருவியில். இவ்வேறுபாடு மென்பொருட் தெரிவில் எத்தகைய விளைவை உண்டாக்கும் என்பது பின்னர்த் தெளிவாகும்.

1990களின் தொடக்கத்தில் இக்கலை செல்வர்க்குரியதாகவே இருந்தது. மொன்றியலில் 1986 இல் தொடங்கப்பெற்ற சொஃப்ட்இமேஜ், ரொறன்ரோவின் ஏலியஸ், கலிபோர்னியாவின் வேவ்ஃபிரன்ற் ஆகிய நிறுவனங்களின் மென்பொருள்கள் சிலிக்கன் கிரஃபிக்ஸ் நிறுவனத்தின் விலையுயர்ந்த வேலைநிலையங்களில் இயங்கின. இவற்றுள் ஏலியஸும் வேவ்ஃபிரன்றும் 1995 இல் சிலிக்கன் கிரஃபிக்ஸின் கீழ் ஒன்றிணைந்து 1998 இல் மாயா என்னும் மென்பொருளை வெளியிட்டன. 'தோற்ற மயக்கம்' என்னும் பொருளிலேயே அப்பெயரை இட்டனர். எனினும் சைவசித்தாந்தம் பயின்றோர் இப்பெயரை வேறுவிதமாகவே கொள்வர். சித்தாந்தத்தில் மாயை பொய்த்தோற்றமன்று. உலகங்களும் உடல்களும் தோன்றுதற்குரிய முதற்காரணம், குடத்துக்கு மண் போன்றது. உருவமைக்கும் கருவியொன்றுக்கு இப்பொருளே சாலப் பொருந்துகின்றது.

வீட்டுக் கணினியில் இயங்கும் வகையில் ஓட்டோடெஸ்க் நிறுவனம் 1990 இல் 3டி ஸ்ரூடியோவை வெளியிட்டமை ஒரு திருப்பமாகும். 1996 இல் அதன் வழிவந்த 3டி ஸ்ரூடியோ மக்ஸ் 3,495 டொலருக்கு விற்கப்பட்டது. அக்கால நாணயமாற்றில் இது ஏறத்தாழ இரண்டு இலட்சம் ரூபா. மேனாட்டில் இது மலிவு எனப்பட்டது. கொழும்பில் இதனை மலிவென்று சொல்வார் எவருமிலர்.

இதே காலத்திலேயே இணையத்துக்கு முப்பரிமாணம் வேண்டும் என்னும் எண்ணம் பிறந்தது. 1994 மே மாதம் ஜெனீவாவில் நடைபெற்ற முதலாவது உலகளாவிய வலை மாநாட்டில் இது பேசப்பட்டது. டேவ் ராகெற், மார்க் பெசி, டோனி பரிசி ஆகியோர் இம்முயற்சியின் முன்னோடிகள். இதன் விளைவாக எழுந்த விஆர்எம்எல் என்னும் கோப்பமைப்பு 1997 இல் அனைத்துலகத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது. சாதாரண எழுத்துக்களால் அமைந்த கோப்பு அது. எவரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம். ஆயினும் உலாவிகள் தாமாக அதனைக் காட்டா. தனியே ஒரு செருகியை நிறுவவேண்டும். கணினிகளின் வேகமும் இணைப்பின் வேகமும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

இலங்கையில் வணிகமுறை இணைய இணைப்பு 1995 இல் தொடங்கியது. தொலைபேசிவழி 28.8 கிலோபிற்று வேகத்தில் ஒரு மெகாபைற்றுக் கோப்பு வந்து சேர, தடையேதும் இல்லாவிடினும், நான்கரை நிமிடத்துக்கு மேலாகும். தொலைபேசிக் கட்டணமோ நேரக் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். வெள்ளவத்தைக் காலி வீதியில், வெளிநாட்டிலுள்ள உறவினருடன் பேசுவதற்கென நிறைந்திருந்த தொலைத்தொடர்பு நிலையங்களிலேயே பலர் இணையத்தை முதலிற் கண்டனர். மணிக்கணக்கிற் பணங்கொடுத்து அமர்ந்தவன் மின்னஞ்சல் பார்ப்பானேயன்றி, ஒரு மாய அறை திறக்கும்வரை காத்திருப்பானல்லன். விஆர்எம்எல் மக்களிடம் பரவாமைக்குத் தொழினுட்ப நூல்கள் கூறும் காரணங்களைவிட இவ்வெளிய காரணம் வலியது எனலாம். எனினும் ஒன்று குறிப்பிடத்தக்கது. அன்று எழுதப்பட்ட விஆர்எம்எல் கோப்பினை இன்றும் படிக்கலாம். அதன் வழித்தோன்றலான எக்ஸ்3டி 2004 இல் தரமாக ஏற்கப்பட்டது. பின்வந்த செல்வாக்குமிக்க அமைப்புகளுக்கு இப்பேறு வாய்க்கவில்லை.

அவற்றுள் முதலாவது ஷொக்வேவ். 2001 இல் மக்ரோமீடியா நிறுவனம், இன்ரெல் நிறுவனத்தின் தொழினுட்பத்துடன், டிரெக்டர் 8.5 என்னும் மென்பொருளில் முப்பரிமாண வசதியைச் சேர்த்தது. 3டி ஸ்ரூடியோ மக்ஸிலோ மாயாவிலோ அமைத்த உருவத்தை ஷொக்வேவ் கோப்பாக மாற்றினால், உலாவியிலேயே விளையாட்டும் காட்சியும் இயங்கின. அக்காலத்தில் இது பெருஞ்சாதனை. எனவே 'இணையத்துக்கு எம்மென்பொருள்?' என்னும் வினாவுக்கு, ஷொக்வேவுக்கு ஏற்றுமதி செய்யவல்ல மென்பொருள் என்பதே அப்போதைய விடையாயிற்று. கோப்பின் உள்ளமைப்பு நிறுவனத்தின் உடைமை. 2005 இல் மக்ரோமீடியாவை அடோபி வாங்கியது. 2017 இல் டிரெக்டர் விற்பனை நின்றது. 2019 ஏப்ரலில் ஷொக்வேவ் இயக்கியும் நிறுத்தப்பட்டது. அதன் உடன்பிறப்பான ஃபிளாஷ் இன்னும் பரவலாக வழங்கியது. மெய்யான முப்பரிமாணம் அதில் நெடுங்காலம் இல்லாதிருந்தும், உருவங்களைத் தட்டையான கோட்டுப்படங்களாக்கி அடுக்கியும், பின்னர் பேப்பர்விஷன்3டி போன்ற நிரற்றொகுதிகளின் துணைகொண்டும் கலைஞர் அதனை வளைத்துக்கொண்டனர். 2007 இல் வெளிவந்த ஐபோன் ஃபிளாஷை ஏற்கவில்லை. 2020 டிசெம்பர் 31 உடன் அதற்கான ஆதரவும் முடிவுற்றது.

இவ்விடத்துத் தமிழ் வாசகருக்கு ஓர் ஒப்புமை எளிதிற் புலப்படும். பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கட்டுரையொன்றை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தோர் கண்டது என்ன? தமிழன்று, பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். கட்டுரை அழிந்துவிடவில்லை, அதனைப் படிக்கும் திறவுகோல் கோப்புக்கு வெளியே இருந்தது, அவ்வளவே. ஷொக்வேவ் கோப்பின் நிலையும் இத்தகையதே. பாமினிக்காவது மாற்றுப் பட்டியல் எளிதாக அமைந்தது.

இப்போக்குக்கு மாறான வரலாறொன்று ஒல்லாந்தில் நிகழ்ந்தது. அது சற்று விரித்துரைக்கத்தக்கது. நியோஜியோ என்னும் அசைவூட்ட நிறுவனத்தைச் சேர்ந்த தொன் ரோசென்டால் தம் நிறுவனத்தின் உள்வேலைக்காக 1994 இல் பிளெண்டர் என்னும் மென்பொருளை எழுதத் தொடங்கினார். 1998 இல் அதனை இணையத்தில் இலவசமாக வெளியிட்டு, நொட் எ நம்பர் என்னும் புதிய நிறுவனத்தையும் நிறுவினார். மென்பொருள் இலவசமே, மூலநிரல் மட்டும் நிறுவனத்தின் கையில் இருந்தது. முதலீட்டாளர் பணந் தந்தனர். 2001 இல் அந்நிறுவனம் விலைக்கு விற்கும் தன் முதற் சரக்கை வெளியிட்டது. அதன் பெயர் பிளெண்டர் பப்ளிஷர். நோக்கம், இணையத்தில் ஊடாடும் முப்பரிமாணக் காட்சிகளை வெளியிடுதல். ஷொக்வேவ் நாடிய அதே சந்தை. அது விற்பனையாகவில்லை. முதலீட்டாளர் நிறுவனத்தை மூடினர். பிளெண்டரின் வளர்ச்சியும் நின்றது.

ஏனைய மென்பொருள்களின் கதை இத்துடன் முடிந்திருக்கும். ரோசென்டால் 2002 இல் பிளெண்டர் அறக்கட்டளையை அமைத்து, ஒரு இலட்சம் யூரோ தந்தால் மூலநிரலைப் பொதுவுடைமையாக்க முதலீட்டாளரை இணங்கச் செய்தார். யூலை 18 இல் தொடங்கிய நிதிதிரட்டல் ஏழே வாரத்தில் இலக்கை எட்டியது. மென்பொருளைப் பயன்படுத்தியவர்களே பெரும்பாலும் பணந் தந்தனர். 2002 ஒக்ரோபர் 13 இல் குனூ பொது உரிமத்தின் கீழ் பிளெண்டர் வெளியாயிற்று. அவ்வுரிமத்தின்படி எவரும் அதனைப் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், பகிரலாம். இணைய அசைவூட்டச் சந்தையில் தோற்றமையாலேயே அக்கருவி எல்லோருக்கும் உரியதாயிற்று என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

இச்செய்தி கொழும்பை உடனே அசைத்ததெனக் கொள்வதற்கில்லை. அதன் காரணத்தையும் வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். அக்காலத்தில் இங்கு மென்பொருளின் விலை என்பது இறுவட்டின் விலையே. ஆயிரக்கணக்கான டொலர் பெறுமதியான மென்பொருள்கள் கள்ளப் பிரதிகளாகச் சில நூறு ரூபாவுக்குக் கிடைத்தன. இலங்கையிற் பயன்பட்ட மென்பொருள்களில் உரிமம் இல்லாதவை 80 வீதத்துக்கும் மேலென வணிக மென்பொருட் கூட்டமைப்பு 2011 இற்கூடக் கணித்தது. மென்பொருள் விற்போரின் கணிப்பு அது என்பதால் சற்றுத் தள்ளியே கொள்ளலாமாயினும், நிலைமை அதுவன்று என எவரும் மறுத்தற்கில்லை. மாயாவும் இலவசம், பிளெண்டரும் இலவசம் என்றிருக்கும்போது எவன் பிளெண்டரை நாடுவான்? அதன் இடைமுகமும் அந்நாளிற் கடினமானது. பிற மென்பொருள்களில் இடப்பொத்தான் செய்யும் வேலையை அதில் வலப்பொத்தான் செய்தது. கள்ளப் பிரதியே இலவச மென்பொருளின் முதற் பகைவனாக இருந்தது எனின் மிகையன்று. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்குப் பாதுகாப்பளித்தது. கற்றுக்கொள்ளும் மாணவனை அச்சட்டம் அரிதாகவே தொட்டது. அவன் கற்று முடித்து, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்து பணம் பெறப் புகும்போதுதான் உரிமம் எங்கே என்னும் வினா எழுந்தது. கைபழகிய கருவியைச் சட்டப்படி வாங்க இயலாத நிலை அப்போதே அவனுக்குத் தெரியவந்தது.

இதற்கிடையில் இணையத்தின் வாயில் மாறியது. மொசில்லாவைச் சேர்ந்த விளாடிமிர் வுகிசெவிச் 2006 இல் செய்து காட்டிய சோதனையிலிருந்து வளர்ந்த வெப்ஜிஎல், 2011 மார்ச்சில் தரமாக வெளியிடப்பட்டது. இதன்பின் உலாவிக்குச் செருகி வேண்டியதில்லை; வரைகலைச் செயலியுடன் உலாவியே நேரிற் பேசும். ரிக்கார்டோ கபெல்லோ 2010 இல் வெளியிட்ட திரீஜேஎஸ் என்னும் நிரற்றொகுதி அதனைச் சாதாரண நிரலாளரின் கைக்கு எட்டச் செய்தது. எஞ்சியது கோப்பமைப்பு. க்ரோனொஸ் கூட்டமைப்பு 2015 இல் ஜிஎல்டிஎஃப் என்னும் திறந்த அமைப்பை வெளியிட்டு, 2017 இல் அதனைத் திருத்தி இரண்டாம் பதிப்பாக்கியது. 2022 இல் அது அனைத்துலகத் தரமாயிற்று. உருவம், அதன் நிறமும் பளபளப்பும், எலும்புக்கூடு, அசைவு ஆகியன யாவும் ஒரே கோப்பில் அடங்கும். 2019 யூலையில் வெளிவந்த பிளெண்டர் 2.80, இக்கோப்பை எழுதவும் படிக்கவும் கூடிய வசதியைத் தன்னகத்தே கொண்டிருந்தது. இடப்பொத்தான் வழக்கத்தையும் அப்பதிப்பே ஏற்றுக்கொண்டது.

இங்கேதான் தூணின் எடுத்துக்காட்டு மீண்டும் பயன்படுகின்றது. மாயா போன்ற மென்பொருள்களின் விலைக்குரிய சிறப்புகள் யாவை? நீரும் புகையும் துணியும் அசைவதைக் கணித்தல், உயர்தர ஒளித்தீட்டல், நுட்பமான வளைபரப்புகள், பெருங் குழுக்களின் வேலைமுறை ஆகியன. இவற்றுட் பெரும்பாலானவை ஜிஎல்டிஎஃப் என்னும் ஒடுங்கிய வாயிலைக் கடவா. வளைபரப்பு முக்கோணங்களாக நொறுங்கும். கணித்த புகை வெளியே நின்றுவிடும். ஒளித்தீட்டலை உலாவியே தன் முறையிற் செய்துகொள்ளும். கடந்து செல்வன முக்கோணமும், போர்த்திய படமும், எலும்பசைவுமே. இவற்றைப் பிளெண்டரும் குறைவின்றிச் செய்யும். ஆகவே இணையத்துக்கு மட்டும் உருவமைப்பவன் விலைமிக்க கருவியை வாங்கும்போது, வாயிலிற் கழற்றி வைக்கவேண்டிய அணிகலன்களுக்கே பெரும்பணம் செலுத்துகிறான். பிளெண்டரிலும் இவ்வெச்சரிக்கை வேண்டும்: அதன் உள்ளே சூத்திரங்களால் அமைத்த நிறக்கோலங்கள் அவ்வாறே வெளிச்செல்லா, படமாகப் பதித்தெடுத்த பின்னரே செல்லும்.

மறுபக்க வாதத்தையும் புறக்கணித்தல் தகாது. திரைப்படக் கூடங்களும் பெரிய விளையாட்டு நிறுவனங்களும் மாயாவையே நெடுங்காலமாகக் கையாள்கின்றன. அங்கு வேலை நாடுவோர் அதனை அறிந்திருத்தல் நன்று. மாணவருக்கு ஓட்டோடெஸ்க் இலவசக் கல்வி உரிமம் வழங்குகின்றது. ஆனால் அவ்வுரிமத்தில் அமைத்ததை விற்கலாகாது. கட்டடக்கலை பயில்வோருக்கு ஸ்கெச்சப் எளிது என்பதும் உண்மை.

எனினும் 2016 இல் ஓட்டோடெஸ்க் தன் மென்பொருள்களை ஒரேயடியாக விற்பதை நிறுத்திச் சந்தாமுறைக்கு மாறியதன் பின்னர், தெரிவின் பொருள் மாறிவிட்டது. முன்னர் ஒருமுறை வாங்கிய பதிப்பு பழையதாயினும் வாங்கியவனுடையதே. சந்தாவில் ஆண்டுதோறும் டொலர் செலுத்தாவிடின் தான் அமைத்த கோப்பையே அவனால் திறக்க இயலாது. மாயாவின் ஆண்டுச் சந்தா 1,500 டொலருக்கு மேல். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபா; அதன்படி அத்தொகை மூன்று இலட்சம். இரண்டே மாதத்தில் டொலர் 360 ரூபாவை எட்டியது. அதே சந்தா ஐந்து இலட்சத்து நாற்பதாயிரம் ஆயிற்று. பன்னிரண்டு, பதின்மூன்று மணிநேர மின்வெட்டுகளுக்கிடையே மின்கலத்தில் எஞ்சிய நேரத்தைக் கணக்கிட்டு வேலைசெய்தவர்களுக்கு, கருவி எவருடைய உடைமை என்பது வெறுங் கோட்பாட்டு வினாவாக இருந்திராது. பணமிருந்தாலும் மென்பொருள் நிலைக்கும் என்பதற்கில்லை. சொஃப்ட்இமேஜை 1994 இல் மைக்ரோசொஃப்ற் வாங்கியது, 1998 இல் அவிட் வாங்கியது, 2008 இல் ஓட்டோடெஸ்க் வாங்கியது. 2014 இல் அடுத்த பதிப்பே இறுதிப் பதிப்பென அறிவிக்கப்பட்டது. இருபதாண்டு அதிற் பயின்ற கைகள் வேறு கருவி தேடின.

தமிழருக்கெனத் தனியே ஒரு சிக்கலும் உண்டு. தூணின் கீழ் 'கொட்டாஞ்சேனை' என முப்பரிமாண எழுத்திற் பொறிக்கவேண்டுமெனின், 'கொ' என்பது ஒருங்குறியில் ககரமும் அதன்பின் ஒகரக் குறியுமாகவே சேமிக்கப்படுகின்றது. கொம்பை முன்னும் காலைப் பின்னும் பிரித்திடுவது காட்டும் நிரலின் கடமை. பிளெண்டரின் எழுத்துப்பொருள் நெடுங்காலமாக இக்கடமையை அறியாதிருந்தது. திரீஜேஎஸின் எழுத்து வடிவமும் அவ்வாறே. கொம்பு தன் இடத்தில் நில்லாது. உலகளாவிய பயனர் பெருந்தொகையினராயினும் தமிழ், சிங்களம் போன்ற எழுத்துகளின் தேவையைச் சொல்வோர் அவர்களிடையே சிலரே. மூலநிரல் திறந்திருத்தலால் இதனைத் திருத்த எவர் அனுமதியும் வேண்டியதில்லை, திருத்துவோர்தாம் வேண்டும். அதுவரை, இங்க்ஸ்கேப் என்னும் இலவச வரைகருவியிற் சொல்லைச் சரியாக எழுதி, அதனைக் கோட்டுருவாக்கிப் பிளெண்டருக்குக் கொணர்ந்து தடிப்பேற்றுவதே செம்மையான வழி. கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே எழுத்துகளைச் சேமிப்பதால், பாமினி எழுத்துருவை ஏற்றினாலும் கொம்பு உரிய இடத்தில் நிற்கும். ஒருங்குறி வந்தபின் கைவிடப்பட வேண்டியதென எல்லோரும் ஒப்பிய அவ்வெழுத்துரு வரைகலைக் கூடங்களில் இன்னும் வழங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.